மாதவேட்டனுக்கு இரண்டு ஜக் பண்பாடு

ஒழுங்கான மனிதனை ஊரே மெச்சும். அவனோடு ஒரே வீட்டில் குடியிருப்பவர்களைத்தான் யாரும் விசாரிப்பதில்லை. கணபதி என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் மசாலா டப்பாக்கள் அகர வரிசையில் நிற்கும். செருப்புகள் வாசலைப் பார்த்தபடி ஜோடி ஜோடியாக இருக்கும். அன்றைய நாளை டைரியில் எழுதாமல் நான் படுக்கப் போனதில்லை. கல்யாணமான புதிதில் என் மனைவி கோமதி இதையெல்லாம் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது "அவருக்கு அப்படியொரு சீக்குங்க" என்று சுருக்கமாக முடித்துவிடுகிறாள்.

நான் ஆண் செவிலியர். ஆஸ்பத்திரி வழக்கப்படி எல்லோருக்கும் 'பிரதர்'. பாலக்காட்டுச் சாலையில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில், ஆண்கள் சர்ஜரி வார்டுக்கு இன்சார்ஜ். கேரள எல்லையை ஒட்டிய இடம் என்பதால் எங்கள் வார்டில் ஒரு ரவுண்டு போய்வந்தால் பாதி இந்தியாவைப் பார்த்துவிடலாம். வாளையாறுக்கு அந்தப் பக்கத்து மலையாளிகள், அட்டப்பாடி மலைக்காரர்கள், நீலகிரியிலிருந்து வரும் படுகர்கள், பட்டறைகளில் வேலை பார்க்கும் பீகார், ஒடிசாக்காரர்கள், உக்கடத்துப் பாய்மார்கள். இத்தனை பேருக்கும் நாங்கள் பல வருடங்களாக ஒரே மாதிரி ஊசி குத்திக்கொண்டிருந்தோம். அவர்களும் ஒரே மாதிரி "ஆ" என்றுதான் சொன்னார்கள். இது பெரிய தவறு என்று எங்கள் நிர்வாகம் திடீரென்று கண்டுபிடித்தது.

காரணம், தரச்சான்று கொடுக்கும் குழு ஒன்று எங்கள் மருத்துவமனையைப் பார்வையிட வரப்போகிறது. அவர்கள் இந்த முறை 'நோயாளியின் பண்பாடு அறிந்த பராமரிப்பு' என்பதைப் பார்ப்பார்களாம். உடனே எங்களில் சிலரை அவிநாசி சாலை ஹோட்டல் ஒன்றில் நடந்த ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பெங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளர் முதலில் கடலில் மிதக்கும் பனிப்பாறைப் படம் ஒன்றைக் காட்டி, பண்பாடு என்பது இப்படித்தான், வெளியே தெரிவது கொஞ்சம், உள்ளே இருப்பது நிறைய என்றார். (பனிப்பாறைக்குப் பக்கத்தில் போனவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். எங்கள் பிணவறை ஊழியர் மட்டும் கை தூக்கினார்.) பிறகு ஒவ்வொரு சமூகத்துக்கும் என்ன சாப்பாடு, என்ன கூச்சம், என்ன நம்பிக்கை என்று ஸ்லைடு ஸ்லைடாகப் போனது. மற்றவர்கள் தூங்கினார்கள். நான் இரண்டு நிறப் பேனாக்களில் குறிப்பெடுத்தேன். கடைசி ஸ்லைடில் 'எதற்கும் நோயாளியையே கேட்டுக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி இருந்ததாம். அதற்குள் நான் பந்தியில் முதல் ஆளாக இருந்தேன்.

திரும்பி வந்ததும் மேட்ரன் நிர்மலா மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கவேல் பிரதர், இந்த கல்ச்சர் விஷயத்தை நீங்கதான் பார்க்கணும். நம்ம ஸ்டாஃப்ல எதையும் நூல் பிடிச்ச மாதிரி செய்யறவர் நீங்க ஒருத்தர்தான்."

இந்த மாதிரி வார்த்தைக்கு நான் கிணற்றில்கூடக் குதிப்பேன். அன்று முதல் நான் 'பண்பாட்டு ஒருங்கிணைப்பாளர்'. சம்பளம் அதேதான், பேட்ஜ் மட்டும் புதிது. கொஞ்சம் பெரிதாகவே அடித்துவிட்டார்கள். அதைக் குத்தியதும் என் பெயர்ப் பட்டை முழுவதுமாக மறைந்துபோனது. இது பிற்பாடு எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

குழு வருவதற்கு முந்தின நாள் இரட்டைக் கட்டில் அறை ஒன்றில் மாதவன் என்பவர் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். நல்ல உயரம், வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம். ஊர் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். பாலக்காடு, சந்தனம், தென்னை, மாதவன். எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மாதிரி நோயாளியைக் கடவுளே ஆட்டோ வைத்து அனுப்பியதாக நினைத்துக்கொண்டேன்.

"நமஸ்காரம் மாதவேட்டா! சுகமாணோ?" என்றேன், மாதவண்ணே சௌக்கியமா என்று.

என் மலையாளத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. டி.வி. பார்த்தும், கூட வேலை செய்யும் நர்ஸுகள் தங்களுக்குள் சண்டை போடுவதைக் கேட்டும் நானாகக் கற்றுக்கொண்டது. தமிழ் வாக்கியத்தின் வாலில் ஓர் 'ஆணு' அல்லது 'உண்டு' கட்டித் தொங்கவிட்டால் மலையாளம் ஆகிவிடும் என்பது என் கொள்கை. திருச்சூர்க்காரியான ஷைனி சிஸ்டர் பல வருடங்களாக எங்களோடு இருப்பவள், தமிழ் சரளமாகப் பேசுவாள். அவள் ஒருமுறை கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள்: "பிரதரே, என்னை என்ன வேணும்னாலும் திட்டிக்கோங்க. அது எங்க பாஷை, அத விட்டுடுங்க. பாவம், அது உங்கள என்ன செஞ்சது?"

மாதவன் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு மிகப் பணிவாக, "சுகமாணு, குழப்பமில்ல" என்றார். ஒன்றும் சிக்கலில்லை என்று அர்த்தம். என் உடம்பெல்லாம் பூரித்துப்போனது. பார், சொந்த பாஷையைக் கேட்டதும் மனிதர் முகம் எப்படி மலர்கிறது! (முகம் மலரவில்லை, லேசாகச் சுருங்கியது. அதை நான் டைரியில் 'மலர்ந்தது' என்றுதான் எழுதினேன்.)

அவர் தம் மகளுக்கு வரும் மாதம் கல்யாணம் என்றும், அதற்குள் இதை முடித்துக்கொண்டு எழுந்து நடமாட வேண்டும் என்றும் மலையாளத்தில் சொன்னார். பந்தியில் நின்று நாலு பேரைக் கவனிக்க வேண்டாமா? டாக்டரும், மறுநாள் ஆபரேஷன், அதற்கடுத்த நாள் வீடு என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

குடலிறக்க ஆபரேஷன் பெரிய விஷயமில்லை. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். சில மணி நேரத்தில் கால் உணர்ச்சி திரும்பிவிடும். ஆனால் சிலருக்குச் சிறுநீர்ப்பை மட்டும் தூக்கம் கலையாமல் கிடக்கும். அது நிறைந்துகொண்டே போவது நோயாளிக்கே தெரியாது. தெரியவரும்போது உயிர் போகிற வலி வரும். அளவுக்கு மீறி இழுபட்டுவிட்டால் பை பலமிழந்துபோய், குழாயும் பையுமாக வாரக்கணக்கில் அலைய வேண்டியதுதான். மகள் கல்யாணத்தில் மூத்திரப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு எந்தத் தகப்பன் நிற்பான்? ஆகவே, ஆபரேஷன் ஆன நாளில் நர்ஸுக்கு ஒரே ஒரு கடமைதான். சாயங்காலத்துக்குள் மனிதர் சிறுநீர் கழித்துவிட்டாரா என்று பார்க்க வேண்டும். மீதியெல்லாம் அலங்காரம்.

நான் அலங்காரத்தில் இறங்கினேன்.

கேன்டீனில் சொல்லி மட்டை அரிசிக் கஞ்சியும் பயறும் செய்யவைத்தேன். அறையின் டி.வி.யை மலையாளச் சேனலில் நிறுத்தி, ரிமோட்டைப் பத்திரமாக என் மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன். மலையாளப் பத்திரிகை வரவழைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, பதிமுகம். அது கேரளத்தில் குடிதண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்கும் ஒரு மரச்சீவல். தண்ணீர் ரோஜாப்பூ நிறத்தில் வரும். அதை வாங்க ஸ்கூட்டரில் எல்லை தாண்டிப் போய்வந்தேன். பக்குவமாகக் காய்ச்சி, வடிகட்டி, வெதுவெதுப்பாக ஜக்கில் ஊற்றி வைத்தேன்.

அவருடைய மனைவி பார்வையாளர் நேரத்தில் வந்தார். குடும்பத்தார் பேசும்போது அந்நியர் நிற்கக் கூடாது என்பது பயிற்சியில் படித்தது. உடனே திரையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வராந்தாவின் கடைசிவரை போய் நின்றேன். ஒரு வார்த்தைகூட என் காதில் விழாதபடி பார்த்துக்கொண்டேன். இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த வெற்றி முழுமையானது.

அடுத்த கட்டிலில் மனோஜ் என்ற பீகார்ப் பையன். கணபதிப் பட்டறை ஒன்றில் வேலை, குடல்வால் ஆபரேஷன் முடிந்து தேறிக்கொண்டிருந்தான். அவன் பண்பாட்டையும் நான் விடவில்லை. அவனிடம் இந்தியில் மட்டுமே பேசினேன். (என் இந்திக்கு ஷைனி போல் ஒருத்தி வாய்க்காதது இந்தியின் துரதிருஷ்டம்.) மூன்று வேளையும் சப்பாத்தி ஏற்பாடு செய்தேன்.

"ஏனுங்ணா, சப்பாத்தி போதுங்ணா. கொஞ்சம் தயிர் சாதம் கிடைக்குங்களா? ஊறுகா இருந்தா நல்லாருக்கும்" என்றான் அவன்.

"பஹுத் அச்சா!" என்று அவன் தோளைத் தட்டினேன். நம் மொழியில் பேச எவ்வளவு முயற்சி செய்கிறான் என்று நெகிழ்ந்துபோய் இன்னொரு சப்பாத்தி போடச் சொன்னேன்.

நான் அறைக்குள் நுழையும்போதெல்லாம் மாதவனும் மனோஜும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிடுவார்கள். மொழி தெரியாத இரண்டு மனிதர்களை வலி எப்படி ஒன்றுசேர்க்கிறது என்று அன்றைய டைரியில் ஒரு பக்கம் எழுதினேன். இப்போது படித்தால் பக்கத்தைக் கிழிக்கத் தோன்றுகிறது. கிழித்தால் டைரியின் ஒழுங்கு கெட்டுவிடும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை முதல் கேஸாக மாதவனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மதியத்துக்கு மேல் குடிக்க, சாப்பிட டாக்டர் அனுமதி கொடுத்தார். குழு மூன்று மணிவாக்கில் எங்கள் வார்டுக்கு வருவதாகத் தகவல். இந்தக் கட்டிலை நானே தனியாகக் கவனித்துக்கொள்வதாகச் சொல்லி ஷைனியை அனுப்பிவிட்டேன். ஆண் நோயாளியின் கூச்சத்தை மதிக்க வேண்டுமல்லவா?

"வெள்ளம் குடிக்கணும் மாதவேட்டா" என்று ஒரு டம்ளர் ரோஸ் தண்ணீர் நீட்டினேன். குடித்தார். "குறச்சு கூடி?" இன்னும் கொஞ்சம். குடித்தார். அவர் 'வேண்டாம்' என்று சொல்லவே இல்லை. தாகம் என்று நினைத்தேன். ஒரு ஜக் காலியானது. இன்னொரு ஜக் காய்ச்சிக்கொண்டு வந்தேன்.

கஞ்சி வந்தது. நாலு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு, "மதி" என்றார், போதும் என்று. எனக்குப் பதறிவிட்டது. குறை எங்கே? தேங்காய்ச் சம்மந்தி, அதாவது துவையல், இல்லாததுதான்! கேன்டீனுக்கு ஓடி, சமையற்காரரை நெருக்கி, சம்மந்தி அரைத்து வாங்கி, பப்படம் பொரித்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். மாதவன் அந்தத் தட்டையும் என் வேர்த்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். இனி இந்த மனிதனிடம் எதற்கும் 'இல்லை' சொல்லக் கூடாது என்று அந்தக் கணத்தில்தான் அவர் முடிவெடுத்தாராம். (பிற்பாடு அவரே சொன்னது.)

அப்புறம்தான் கடமை நினைவுக்கு வந்தது. "மூத்ரம் போயோ?"

"இல்ல."

மனிதர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். மனோஜைச் சக்கர நாற்காலியில் வைத்து வராந்தாவுக்குத் தள்ளினேன். கட்டிலைச் சுற்றித் திரை போட்டேன். கையில் யூரின் பாட்டிலைக் கொடுத்தேன். பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டேன், தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வருமென்று. அதோடு நின்றேனா? மனம் லேசாவதற்காக என் போனில் கேரளப் படகுப் பாட்டு ஒன்றையும் போட்டேன். துடுப்புக்காரர்கள் 'தித்தித்தாரா' என்று கத்த, நான் திரைக்கு வெளியே நின்று தாளத்துக்கு நடுவே "ஆயோ? ஆயோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முடிந்ததா, முடிந்ததா என்று.

உலகத்தில் எந்த ஆண்பிள்ளைக்கு அந்தச் சூழ்நிலையில் வரும்?

கொஞ்ச நேரம் கழித்துத் திரைக்கு உள்ளேயிருந்து ஓர் ஆழ்ந்த மூச்சு கேட்டது. பிறகு, "ஆயி. ஆயி பிரதர்."

முடிந்துவிட்டது! வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பை காலியாகிவிட்டதா என்று உறுதிசெய்வதுதான் முறை. முதல் வருட மாணவனுக்கும் தெரியும். ஆனால் பயிற்சிக் குறிப்பில் 'தொடுதல் குறித்த கூச்சம்' என்று சிவப்புப் பேனாவில் எழுதியிருந்தேன். ஆகவே தொடவில்லை. மூடி போட்ட பாட்டிலைத் துண்டால் போர்த்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு மரியாதையோடு வாங்கிப் போனேன்.

அளவு பார்க்க பாத்ரூமில் துண்டை எடுத்தேன்.

பாட்டில் முழுக்க ரோஜா நிறம்.

சிறுநீரில் இரத்தம்! பை கிழிந்துவிட்டதா? ஆபரேஷனில் ஏதாவது அறுபட்டுவிட்டதா? அந்த நிறத்தை அன்று மதியம் முதல் நானே காய்ச்சி, வடிகட்டி, டம்ளர் டம்ளராக நீட்டிக்கொண்டிருந்தேன் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஓடினேன். "டாக்டரைக் கூப்பிடுங்க! பிளட்! பிளட்!" என்று கத்தினேன்.

வராந்தாவின் அந்த முனையில் தரச்சான்றுக் குழு வந்துகொண்டிருந்தது. முன்னால் மேட்ரன். பக்கத்தில் குழுவின் தலைவி, கண்ணாடி போட்ட அம்மையார். மேட்ரன் அப்போதுதான் "இவர்தான் எங்கள் பண்பாட்டு ஒருங்கிணைப்பாளர்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்திருந்தார். ஒருங்கிணைப்பாளர் கையில் மூத்திர பாட்டிலோடு அவர்களைத் தாண்டி ஓடினார்.

சர்ஜன் மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தார். குழு முழுவதும் அவர் பின்னாலேயே அறைக்குள் நுழைந்தது. ஷைனியும் வந்துவிட்டாள். வெளியே தள்ளப்பட்டிருந்த மனோஜ் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு உள்ளே வந்து வசதியான இடமாகப் பார்த்து நிறுத்தினான். மாதவன் கட்டிலில் வேர்த்துப்போய்ச் சுருண்டு படுத்திருந்தார். மரத்துப்போனது விலகி, வலி வர ஆரம்பித்திருந்தது.

"வேதன உண்டோ மாதவேட்டா?" என்றேன் அழாக்குறையாக.

"குழப்பமில்ல" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வயித்தத் தொட்டுப் பார்த்தீங்களா பிரதர்?" என்றார் சர்ஜன்.

"இல்லை டாக்டர். அவங்க கூச்சத்தை மதித்து..."

சர்ஜன் என்னை ஒரு பார்வை பார்த்தார். போர்வையை விலக்கி அடிவயிற்றில் கை வைத்தார். தொப்புள்வரை பந்து மாதிரி எழும்பிக் கல்லாக இருந்தது. லேசாக அழுத்தினார்.

மாதவன் போட்ட சத்தம் வாளையாறு வரைக்கும் கேட்டிருக்கும்.

"அய்யோ சாமீ! முடீலீங்க! கைய எடுங்க டாக்டரு, உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க! செத்துப்போயிருவேனுங்க!"

உயிர் போகிற வலியிலும் ஒரு வாக்கியத்துக்குக்கூட 'ங்க' குறையவில்லை. இப்படிக் கத்த உலகத்தில் ஒரே ஒரு ஜனத்தால்தான் முடியும். அந்த ஜனத்தில்தான் நானும் பிறந்தேன்.

என்னையறியாமல் என் வாய் கேட்டது: "ஏனுங்க... தமிழுங்களா நீங்க?"

மாதவன் வலியை மறந்து ஒரு நொடி என்னைப் பார்த்தார். "அட! நீங்களுமுங்களா?"

"நான் அன்னூருங்க. இப்ப கணபதி."

"எங்க சின்னம்மாவ அன்னூருலதானுங்க கட்டிக் குடுத்திருக்குது. அய்யோ... கொழிஞ்சாம்பாறையில நாங்க அத்தன பேருமே தமிழுதானுங்களே! அம்மா..."

"அப்புறம் எதுக்குங்க எங்கிட்ட மலையாளம் பேசுனீங்க?"

"நீங்க பேசுனீங்களே, பதிலு சொல்லாட்டி மரியாதையா இருக்குமுங்களா? நர்சுன்னாலே மலையாளத்துக்காரங்கன்னு நெனச்சுப்போட்டேனுங்க. நீங்க பேசறது ஒரு தினுசா இருந்துச்சு. காசர்கோட்டுப் பக்கமாட்டம் இருக்குதுன்னு..."

பின்னால் ஷைனி வாயில் கர்ச்சீப்பை வைத்து அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏனுங்ணா," என்றான் மனோஜ் நாற்காலியிலிருந்து, என்னைப் பார்த்து. "நீங்க தமிழாங்ணா? இவரு நீங்க மலையாளின்னு சொன்னாரு. நானும் அவரும் நேத்துலருந்து தமிழ்லதான பேசிட்டிருக்கோம்?"

"சொந்தபந்தமெல்லாம் அப்புறம் விசாரிச்சுக்கலாம்," என்றார் சர்ஜன். "இந்த மனுஷனுக்கு ஒரு சொட்டுகூடப் போகல. அப்ப அந்த பாட்டில்ல இருக்கறது என்ன?"

மாதவன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது வந்துங்க... பிரதரு குடுத்த தண்ணிங்க."

"என்னது?"

"வரலீன்னா விட மாட்டேங்கறாருங்க. பாவம், பாட்டெல்லாம் போட்டுட்டு நின்னுட்டே இருக்காரு. இல்லீன்னு சொல்ல மனசு வல்லீங்க. குடிச்சும் மாளலீங்க. அதான் ஜக்குல இருந்தத அதுல ஊத்திக் குடுத்துப்போட்டேனுங்க. எனக்கு அப்ப வலியே தெரிலீங்க, அப்பறமாப் போயிக்கலாம்னு..."

குழுத் தலைவி ஜக்கை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பாட்டிலைச் சுட்டிக்காட்டி, உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே நிறம். நல்ல பதம். அந்த அம்மையார் தம் கோப்பில் நெடுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

குழாய் போட்டது நான்தான். என் கை அந்த ஒரு வேலையை மட்டும் அன்று சரியாகச் செய்தது. குழாயில் மாட்டிய பை நிறைய நிறைய மாதவனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. நான் முந்தின நாள் டைரியில் எழுதிய 'மலர்ந்தது' என்ற சொல்லுக்கு உண்மையான அர்த்தம் அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

சர்ஜன் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ரொம்ப இழுத்திருக்கு. ராத்திரி குழாய் இருக்கட்டும், காலைல எடுத்துப் பார்க்கலாம். தானா போனா தப்பிச்சாரு. இல்லாட்டி குழாயோடதான் வீட்டுக்கு."

மாதவன் மெதுவாக, "கல்யாணத்துக்கு இன்னும் நாளிருக்குதுங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். என்னைக் குற்றம் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதற்குமேல் அவர் என்னிடம் கேட்டது இன்னும் மோசம்: "உங்களுக்கு ஒண்ணும் பிரச்சன ஆகாதுங்களே? அந்தம்மா எழுதிட்டுப் போனாங்களே?"

அன்று மேட்ரன் என்னைத் திட்டவில்லை. சட்டையிலிருந்த பேட்ஜைத் தாமே கழற்றி மேஜை டிராயரில் போட்டார். "உங்க பேர் தங்கவேல்னு எல்லாருக்கும் தெரியட்டும் பிரதர்" என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் கோமதியிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மனுஷனுக்கு என்ன சாப்பிடப் புடிக்கும்னு கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை. மறுநாள் காலை போனதும் முதல் வேலையாகக் கேட்டேன். மாதவன் கூச்சத்தோடு நெளிந்தார்.

"நேத்து மத்தியானம் நீங்க அந்த ரூம்ல டப்பாவத் தொறந்தப்ப வாசம் வந்துதுங்க. அரிசிம்பருப்புச் சோறுதானுங்க? நெய் ஊத்துனது?"

அவருக்கு முன்னால் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு, பக்கத்து நர்ஸ் அறையில் உட்கார்ந்து நான் மட்டும் அரிசிம்பருப்பைச் சாப்பிட்டிருக்கிறேன். பண்பாட்டு ஒருங்கிணைப்பாளர்!

குழாயை எடுத்தோம். இனிக் காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் காலை நேரம் நகரவே இல்லை. இந்த முறை திரையில்லை, தண்ணீர்ச் சத்தமில்லை, படகுமில்லை. "ஏனுங்க, வந்தா வந்துச்சுன்னு சொல்லுங்க. வரலீன்னா வரலீன்னு சொல்லுங்க. எனக்காகப் பொய் மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்று சொல்லிவிட்டு அறைக்கு வெளியே வந்துவிட்டேன். உள்ளே இருந்து ஒரு சத்தமும் இல்லை. ஷைனி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். ஆறிப்போனது. அவள் அன்று என்னைக் கேலி செய்யவில்லை என்பதிலிருந்தே நிலைமை எவ்வளவு மோசம் என்று தெரிந்துகொள்ளலாம்.

"வரலீங்க" என்றார், முதல் தடவை போனபோது. இரண்டாம் தடவையும் "வரலீங்க". உண்மையைச் சொல்கிறார் என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது, பயமாகவும் இருந்தது. கல்யாண மண்டபத்தில் அவர் பையோடு நிற்கும் காட்சி என் கண் முன்னால் வந்து வந்து போனது.

பிறகு திடீரென்று வார்டு முழுவதும் கேட்கிற மாதிரி ஒரு குரல்: "பிரதரூ! போச்சுங்க!"

மனோஜ் கை தட்டினான். ஷைனி கையிலிருந்த ட்ரேயை வைத்துவிட்டு ஓடி வந்தாள். நான் பாட்டிலை வாங்கி, துண்டில்லாமல், கூச்சமில்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துப் பார்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகான மஞ்சளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. மத்தியானம் கோமதி கொடுத்தனுப்பிய அரிசிம்பருப்பை அவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் மனைவியோடு நடந்தே கார்வரைக்கும் போனார்.

அந்த மாதம் முடிவதற்குள் கல்யாணப் பத்திரிகையோடு கணபதிக்கே வந்துவிட்டார். நான் போகப் பயந்தேன். கோமதி பட்டுப்புடவையை எடுத்து வைத்துவிட்டாள்.

கொழிஞ்சாம்பாறை மண்டபத்தில் மாதவன் பந்தி வரிசையில் நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓடி ஓடிக் கவனித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சொந்தக்காரர்கள் நடுவே நிறுத்தினார். "இவருதானுங்க நான் சொன்ன பிரதரு!" என்றார். அறிமுகம் அதோடு முடிந்தது. மீதியை ஊரே அறிந்து வைத்திருந்தது.

முதலில் ஒரு பெரியவர் வந்தார். வணக்கம் சொன்னார். "ஏனுங்க பிரதரு, நான் தமிழுங்க. எனக்கு நல்லாப் போகுதுங்க" என்றார் முகத்தில் சிரிப்பே இல்லாமல். அவருக்குப் பின்னால் அவர் தம்பி. "நானும் தமிழுங்க. காலைல ஒருக்கா, இப்ப ஒருக்கா." அப்புறம் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள். சமையல்காரர். வீடியோ எடுப்பவர் கேமராவை இறக்கிவிட்டு வந்து தன் நிலவரத்தைச் சொன்னார். ஒரு பாட்டையா காதோரம் குனிந்து, தனக்குக் கொஞ்சம் சிரமம்தான் என்று நிஜமாகவே சொன்னார். நான் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். கடைசியில் மேடைக்குப் போய் வாழ்த்தியபோது மணப்பெண் குனிந்து காலைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஏதாவது சொல்லிவிடுவதற்குள் நான் இறங்கி ஓடிவிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்து நிலைத்துவிட்டது. பழனிக்கோ பவானிக்கோ எங்கே புறப்பட்டாலும், கார் கதவைச் சாத்துவதற்கு முன்னால் என் மகள் ஒவ்வொருவரையும் பார்த்து "ஆயோ?" என்று கேட்பாள். அவள் அம்மா "ஆயி" என்றால் உடனே நம்பிவிடுவாள். வந்த விருந்தாளி சொன்னாலும் நம்புவாள். என் முறை வரும்போது நான் "பரவாயில்லீங்க, போலாம்" என்பேன். உடனே தாயும் மகளும் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, கையை வீட்டுப் பக்கம் நீட்டுவார்கள். நான் உள்ளே போய்த் திரும்பி வந்த பிறகுதான் வண்டி நகரும்.

பெரும்பாலும் அவர்கள் சந்தேகம் சரியாகத்தான் இருக்கிறது.